மெயின் சுவிட்ச் விழுந்த நேரம்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். பதுளையில் ஒரு கடையில் சேர்ந்து, ஊவா மலைகளில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, கணினி திருத்தியே தலை நரைத்தவன் நான். திருத்திக் கொடுத்த மெஷின்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை, எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் கெடுத்த ஒன்று மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடுங்கள்.

எழும்பாத மெஷினை எப்படி எழுப்புவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் இணையத்தில் தேடிக்கொள்வீர்கள். எங்கள் காலத்தில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. கையில் இருந்தது ஒரு திருப்புளி, ஒரு பை நிறையச் சீடி, மனப்பாடமாகத் தெரிந்த பஸ் நேரங்கள். இந்த மூன்றில் பஸ் நேரம்தான் என்னைக் கெடுத்தது.

முதலில் ஒரு சின்னக் கதை. தொண்ணூறுகளின் கடைசி, தோட்ட ஆபீஸ்களுக்குக் கணினி வந்த புதிது. ஹப்புத்தளைப் பக்கமிருந்து போன் வந்தது. மெஷின் எழும்பவில்லை, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு நிற்கிறது என்றார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, கொழுந்து லொறியில் தொற்றி, மீதித் தூரம் நடந்து, காலில் அட்டைக்கடியோடு போய்ச் சேர்ந்தேன். பார்த்தால், ஃப்ளொப்பி ஒன்று உள்ளே கிடந்தது. அதை வெளியே இழுத்துவிட்டு மெஷினை மறுபடி போட்டேன், எழும்பிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு ஆபீஸே கேட்கும்படி சிரித்தேன். இதற்கா என்னை மலையேற வைத்தீர்கள் என்று அந்த உதவிக் கிளாக்கரைக் கேட்டேன். தோட்டத்தை நடத்தும் துரை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துத் தானும் சிரித்தார். கிளாக்கருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆறு மாதம் கழித்து அதே மெஷினின் டிஸ்க் தேய்கிற சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கிளாக்கர் மூன்று கிழமை யாரிடமும் மூச்சு விடவில்லை. டிஸ்க் முழுதாகச் செத்த பிறகுதான் போன் வந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். பழைய புத்தகங்களிலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்த பத்து வருஷத் தொழிலாளர் பெயர்ப் பதிவு அந்த டிஸ்க்கோடு போயிற்று.

நாம் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, தன் பயத்துக்குத்தான் பதில் சொல்கிறார். அதுவும் தோட்டத்தில், துரை பக்கத்தில் நிற்கும்போது, இதில் மாற்றமே கிடையாது. அந்தக் கிளாக்கரிடம் இதைக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். தேவைப்பட்ட நாளில் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி பெரிய கதை. பூனாகலைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதை நடத்திய கம்பெனி தன் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே மாதிரி மெஷின்களை ஒரே தடவையில் வாங்கிப் போட்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது இயங்குதளத்துக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. தோட்டங்களில் இணையம் இல்லாததால் கொழும்புத் தலைமை ஆபீஸ் அதைச் சீடியாக அனுப்பி, உடனே ஏற்றச் சொன்னது. ஏற்றுகிற வேலை எங்கள் கடைக்கு வந்தது. கடையில் தோட்டங்களுக்குப் போகச் சம்மதிக்கிற ஆள் நான் ஒருவன்தான். என் அம்மா பசறைப் பக்கம் கொழுந்து எடுத்தவர், நான் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவன். மற்றவர்களுக்குத் தோட்டம் என்றால் குளிரும் அட்டையும்தான்.

அந்த ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. மற்றவர் ஆபீஸுக்குக் காவல் இருக்கும் வாச்சர் சன்னாசி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மலையில் வேலை செய்யும்போது கொழுந்துச் சாக்கோடு விழுந்து முழங்கால் போனவர். அதற்குப் பிறகுதான் வாச்சர் வேலை கொடுத்திருந்தார்கள். வேலையோடு ஆபீஸுக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்திருந்தது. அவர் மனைவிக்கு மூச்சு இழுப்பு வியாதி. அந்த அறை ரோட்டோரமாக, ஈரம் ஏறாமல், டிஸ்பென்சரிக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தன் வாழ்க்கையில் கிடைத்த நல்ல காரியம் அந்த அறைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூலில் காக்கிக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். நான் முதல் தடவை போனபோது எழுந்து நின்று "சார்" என்றார். தேத்தண்ணி குடிக்கும்போது எந்த ஊர் என்று விசாரித்தார். லயத்துப் பிள்ளை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை சார் என்று கூப்பிடவில்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டார். உள்ளபடி சொன்னால், அந்த மலைகளில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஆபீஸில் ஒரு உத்தரவு இருந்தது. இரண்டு வருஷம் முன்பு மின்சார ஒழுக்கில் ஓர் அறை நிறையக் காகிதம் எரிந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து, ஐந்து மணிக்குப் பெரிய கிளாக்கர் கிளம்பியதும் வாச்சர் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். இதை மூன்று மொழியில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சன்னாசிக்கு மூன்றும் வாசிக்கத் தெரியாது, ஆனால் உத்தரவு மனப்பாடம். எனக்கு மூன்றும் வாசிக்கத் தெரியும். காகிதம் ஒட்டியிருந்தது மெஷினுக்கு நேர் மேலே. நான் ஒரு நாளும் தலையை உயர்த்திப் பார்த்ததில்லை.

அன்று புதன்கிழமை. முக்கியமான கோப்புகளைச் சீடியில் பிரதி எடுத்துவிட்டு அப்டேட்டை ஆரம்பிக்க மூன்று மணியாகிவிட்டது. பழைய மெஷின், மெதுவாகத்தான் போனது. பண்டாரவளைக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. மூன்றே முக்காலுக்கு, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலக்கோடு பாதியைக்கூடத் தொடவில்லை. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிய கிளாக்கர் வீட்டில் தங்க இடம் கேட்டிருந்தால் தந்திருப்பார். எனக்கு இருக்க விருப்பமில்லை. அவ்வளவுதான் காரணம். வீட்டில் விசேஷமும் இல்லை, யாருக்கும் சுகவீனமும் இல்லை. குளிர், பசி, அலுப்பு. பெரிய கிளாக்கரிடம், அது தானாகவே முடித்துத் தானாகவே எழும்பும், காலை வரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். அவரும் ஓம் என்று தலையாட்டினார். மெயின் சுவிட்ச் ஞாபகம் அவருக்கு வரவில்லை. வாசலில் சன்னாசி எழுந்து நின்று போயிட்டு வாங்க தம்பி என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வியாழன் காலை கடை திறந்ததும் போன். மெஷின் எழும்பவில்லை. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கறுப்புத் திரையில் மூன்று வரி வெள்ளை எழுத்து. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரும்பத் திரும்ப அதே மூன்று வரி. துரை மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள். அவருக்குத் தேவைப்பட்டது மெஷின்கூட இல்லை. யாரால் இப்படி ஆனது என்று எழுதிக் காட்ட ஒரு காகிதம்தான் தேவைப்பட்டது. அதை என்னிடம் கேட்டார். தான் பதினொரு மணிக்குத் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் தரச் சொன்னார்.

அப்டேட் பாதியில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போனவன் நான். அது வெளியே வந்தால் கடைக்கு அந்தக் கம்பெனியின் வேலை போகும், எனக்குக் கடையில் வேலை போகும். அந்த நேரம் பெரிய கிளாக்கர் மெல்லிய குரலில், தான் ஐந்து மணிக்குப் போனதாகவும் வாச்சர் வழக்கம்போல மெயினை இறக்கியிருப்பார் என்றும் சொன்னார். அப்போதுதான் தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தேன். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அதை வாசித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் மறைத்து எழுதினால் இந்த நாலு பக்கத்துக்கும் அர்த்தமில்லை.

சன்னாசியைக் கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டு வந்து கதவோரத்தில் நின்றார். துரை பார்த்துக்கொண்டிருக்க, பெரிய கிளாக்கர் பார்த்துக்கொண்டிருக்க, நான் கேட்டேன்.

"நேத்து அஞ்சு மணிக்கு மெயின் சுவிட்ச எறக்குனீங்களா?"

அவர் துரையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"எறக்கிட்டேனுங்க. அஞ்சு மணிக்கே எறக்கிட்டேன்."

இது என்ன கேள்வி என்று பாருங்கள். நேற்று என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்று கேட்டிருக்கலாம். அவரைத் தனியாக வெளியே கூட்டிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் வேண்டிய பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டினேன், அவர் அதை வாங்கித் திருப்பித் தந்தார். மெஷினின் மூடியைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கடைப் பெயர் போட்ட தாளில் எழுதிவிட்டேன். காரணம்: இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் வாச்சரால் மின்சாரம் துண்டிக்கப்பட்டமை. கீழே கையெழுத்து. துரை வாசித்தார், தன் கையெழுத்தையும் வைத்தார், பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன். எப்படிச் செய்தேன் என்பது வேண்டாம். மூன்று மணிக்கு மெஷின் எழும்பியது. ஒரு கோப்பும் போகவில்லை. பழக்க தோஷத்தில் மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். நாம் என்ன சொன்னாலும் மெஷின் நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி வைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்டேட் குறையில்லாமல் முடிந்த நேரம் மாலை ஐந்து முப்பத்திரண்டு. உடனே மெஷின் தானாக அணைந்து மறுபடி எழும்பப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மெஷினின் கடிகாரம் பிழையாக இருக்குமோ என்று என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்தான் வித்தியாசம்.

ஐந்து மணிக்கு மின்சாரம் போகவே இல்லை. திருத்தும்போது நான் கண்டபடி, மெஷின் கெட்டது அப்டேட்டால். அந்த வகை மெஷினுக்குள் இருந்த போர்டுக்கும் அந்த அப்டேட்டுக்கும் ஒத்துவரவில்லை. சன்னாசி ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் இறக்கிய சுவிட்சால் மெஷின் கெடவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் இருந்தது.

பெரிய கிளாக்கரிடம் போய், அந்தக் காகிதத்தைத் திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"துரை கையெழுத்தும் வைச்சிட்டார் தம்பி. இனி நீர் மாத்தினா, ஏன் முதல் அப்பிடி எழுதினனீர் எண்டு கேப்பார். அதுக்கு உம்மட்ட பதில் இருக்கோ?"

என்னிடம் பதில் இருந்தது. மெஷினைப் பார்க்காமலே எழுதினேன் என்பதுதான் பதில். முந்தின நாள் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன் என்பதும் அதோடு சேர்ந்து வரும். மணி மூன்றே முக்கால். வாச்சரை இரண்டு வார்த்தை ஏசுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையைத் தூக்கினேன். வாசலில் சன்னாசி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, போயிட்டு வாங்க தம்பி என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த கிழமை அதே கம்பெனியின் இன்னும் இரண்டு தோட்டங்களில் மெஷின் அதே மூன்று வரியோடு படுத்தது. அங்கெல்லாம் மெயினை இறக்கும் வழக்கமே இல்லை. கடை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். தோட்டத்து வாச்சருக்காக நாம் எதற்குக் கம்பெனியோடு மோத வேண்டும், போர்டுக்கு உரிய திருத்தத்தை எல்லா மெஷினுக்கும் ஏற்றிவிட்டு வேலையைப் பார் என்றார். நான் வேலையைப் பார்த்தேன். எல்லா மெஷினுக்கும் ஏற்றினேன். திறமையாகச் செய்ததாகக் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்கு ஏதோ பிரிண்டர் வேலையாகப் போனேன். ஸ்டூலில் வேறொருவர் இருந்தார். சன்னாசியை மறுபடி மலை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து, கீழ் டிவிஷனில் மகனுடைய லயத்து அறைக்குப் போய்விட்டாராம். ஆறு பேர் இருக்கும் அறை. அங்கிருந்து டிஸ்பென்சரிக்கு வர மலை ஏற வேண்டும். இதைச் சொன்னவர் புது வாச்சர். கம்பெனி மெஷினை நாசமாக்கியதற்கு வேலையைவிட்டே தூக்காமல் இருந்தார்களே என்றும் சொன்னார். பெரிய கிளாக்கர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அன்று நானும் அவரும் பிரிண்டரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

கீழ் டிவிஷன் அங்கிருந்து அரை மணி நடை. போகவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து போன் வந்தால் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களை அனுப்பினேன். ஏன் சார் நீங்கள் போவதில்லை என்று அவர்கள் கேட்டால், ஏற்றம் ஏற முடியவில்லை, முழங்கால் வலி என்று சொல்வேன். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. பொய் சொல்லக்கூட அந்த மனிதருடைய வியாதியைத்தான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

இங்கே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லத் தெம்பு இருக்காது. உங்கள் வேலைத் தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். மெஷின் எழும்பி, அதன் பதிவை நீங்கள் வாசித்து முடிக்கும் வரை அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்காதீர்கள். துரை நின்றாலும் சரி, மந்திரி நின்றாலும் சரி, இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொன்னதற்காக யாரும் உங்கள் வீட்டைப் பிடுங்கமாட்டார்கள். அதில் ஒரு மனிதரின் பெயரோ வேலையோ வருகிறதென்றால், அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசாமல் எழுதவே எழுதாதீர்கள். எழுதியது பிழை என்று தெரிந்தால் அன்றைக்கே திருத்துங்கள். நான் திருத்தக் கடிதம் எழுதியது ஐந்து வருஷம் கழித்து. அப்போது அந்தத் துரை மாற்றலாகிப் போயிருந்தார், பெரிய கிளாக்கர் பென்ஷனில் போயிருந்தார். புதிதாக வந்த கிளாக்கர் வாசித்துவிட்டு, இதை வைத்து இப்போது என்ன செய்வது என்று என்னையே கேட்டார். ஒரு ஃபைலைத் தேடி எடுத்து அதில் போட்டார். என் பழைய காகிதமும் அதே ஃபைலில்தான் இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுத வைத்த நாளைத்தான் இனி சொல்ல வேண்டும்.

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல மழை, மூடுபனி, எதிர்க்கடை தெரியவில்லை. தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கினேன். பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சார், சொகமா இருக்கீங்களா?"

சன்னாசி. ஆள் பாதியாகிவிட்டார். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி போன வருஷம் இறந்துவிட்டதாகச் சொன்னார். கீழ் லயத்தில் ஈரம் அதிகம், அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு, வெகு நாளாக மனதில் வைத்திருந்தது போலத் தயங்கி, அன்றைக்குத் தன்னால் எனக்கு இரண்டு நடை ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்போதுதான், ஐந்து வருஷம் கழித்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு உண்மையில் எத்தனை மணிக்கு மெயினை இறக்கினீர்கள்?

சுற்றுமுற்றும் பார்த்தார். துரை இங்கே இல்லை என்பது நிச்சயமான பிறகு சொன்னார்.

"ஆறே கால் இருக்கும் சார். அஞ்சு மணிக்கு எறக்கத்தான் போனேன். உள்ள வெளிச்சம் எரியுது, நீலமா ஒரு கோடு ஊந்துகிட்டே இருக்கு. தம்பி என்னமோ வேல குடுத்துட்டுப் போயிருக்கு, பாதியில அமத்தக் கூடாதுன்னு அதுகிட்டயே குந்தியிருந்தேன். அப்பறம் அதுவா அணஞ்சிருச்சு. அதுவா எரிஞ்சுச்சு. எழுத்து வந்து நின்னுருச்சு. சரி முடிஞ்சிருச்சுன்னு எறக்கிட்டேன்."

நான் காவலிருந்திருக்க வேண்டிய நேரத்தில் அவர் காவலிருந்திருக்கிறார். அப்படியானால் ஏன் ஐந்து மணி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தொர நின்னாரே. அஞ்சு மணிக்கு எறக்கணும்னுதான உத்தரவு? லேட்டா எறக்குனது தெரிஞ்சா வேல போயிரும்னு பொய் சொல்லிட்டேன். ஆனா சாமிக்குத் தெரியுமில்ல. அவ்வளவு நேரம் எரிய விட்டதுலதான் அது கெட்டுப்போச்சு. அதுக்குத்தான் தண்டன குடுத்துட்டாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

இதைப் புரிந்துகொள்ளுங்கள். இறக்கினேன் என்று சொன்னதற்காகத் தண்டித்தார்கள். இறக்காமல் இருந்ததற்காகத்தான் தண்டித்தார்கள் என்று அவர் ஐந்து வருஷம் நம்பியிருந்தார். தான் செய்யாத குற்றத்துக்கு, தான் செய்த நல்ல காரியத்தைக் காரணமாக வைத்துக்கொண்டு, மலையில் நொண்டி நொண்டி வேலை செய்திருக்கிறார். நான் எழுதிய ஒரு வரியில் என்ன இருந்தது என்று யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

அது உங்களால் கெடவில்லை என்று சொன்னேன். விளங்காதவர்போலப் பார்த்தார்.

"அப்ப எந்த மணிக்கு எறக்கியிருக்கணும் சார்?"

எந்த மணிக்கு இறக்கியிருந்தாலும் அது கெட்டுத்தான் இருக்கும், கொழும்பிலிருந்து வந்த சீடியில்தான் கோளாறு என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெல்லவாய பஸ் பனிக்குள்ளிருந்து வெளிச்சத்தோடு வந்து நின்றது. அவருடைய பஸ். எழுந்து பையை எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி நின்று, அது எனக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்டார்.

முதல் தடவையாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கே, மூன்று மணிக்குத் தெரியும் என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நாலு மணி பஸ்ஸுக்கு என்னையத் தாண்டித்தான போனீங்க" என்றார்.